வாய்க்கால் இல்லாத ஓரம்

ரெத்தினம் மாமாவுக்கு ஒன்பது பாஷை தெரியும் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. பிடி, விடு, மூச்சை அடக்கு, கோட்டைப் பார், எழுந்திரு ஆகிய ஐந்தையும் அவர் ஒன்பது பாஷைகளில் சொல்வார். அதற்கு மேல் ஒரு டீ வேண்டுமென்றாலும் விரலைக் காட்டித்தான் கேட்பார். இருபத்தைந்து வருஷத்தில் பதினான்கு கபடி அணிகளுக்குப் பயிற்சியாளராக இருந்தவர். என் அக்கா சுடர்விழியின் வீட்டுக்காரர்.

நான் தமிழ்மாறன், கும்பகோணத்தில் டவுன் பஸ் கண்டக்டர். இந்த இருபத்தைந்து வருஷமும் அவருடைய பச்சை டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ரயிலில் ஏற்றிவிட்டவன் நான்தான். அந்தப் பெட்டியின் கனம் தெரிந்தவன் என்கிற முறையில் அவர் கதையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவர்மேல் கோபமும் உண்டு. இரண்டையும் சேர்த்தேதான் சொல்வேன்.

எங்கள் ஊர் கீழமருதங்குடி, திருவிடைமருதூருக்குத் தெற்கே ஆறு கிலோமீட்டர். கபடிக்கென்று தனி மைதானம் கிடையாது. நெல் அடிக்கும் களம்தான் மைதானம். மெஷின் அறுப்பு வந்த பிறகு களத்துக்கு வேலை குறைந்துபோய், வருஷம் முழுக்கக் கபடிக்கே ஆகிவிட்டது. ஒரு பக்கம் வைக்கோல் போர், இன்னொரு பக்கம் வாய்க்கால், ஒரு முனையில் கோயில். கோடு போட இடம் பத்தாமல் வாய்க்கால் கரையையே ஓரக்கோடாக வைத்துக்கொண்டோம். தண்ணீர் ஓடும் மாதங்களில் கோட்டைத் தாண்டினால் அவுட் ஆவதோடு குளித்துவிட்டும் வரலாம்.

அந்தக் களத்தில் ஆடித்தான் மாமா பேர் வாங்கினார். எங்கள் பக்கத்துப் போட்டிகள் எடை பார்த்து நடக்கும். அறுபது கிலோ போட்டி என்றால் ஆடுகிறவன் அறுபதுக்குள் இருக்க வேண்டும். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை நிறுக்கிற தராசில்தான் ஆட்களையும் நிறுப்பார்கள். ஒரு தடவை முந்நூறு கிராம் கூடிவிட்டது என்றதும் மாமா ஓடிப்போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்து மறுபடியும் தராசில் நின்றார். முடி நூறு கிராம்கூட இருந்திருக்காது. நிறுத்தவர் சிரித்த சிரிப்பில் முள்ளைச் சரியாகப் பார்க்கவில்லை. அன்று அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத்தான் எங்கள் அப்பா அக்காவை அவருக்குக் கொடுத்தார். முடி முளைக்கும்வரை கல்யாணத்தை மட்டும் தள்ளி வைத்தார்.

மாநில அணித் தேர்வுக்கு மாமா இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் கழித்துவிட்டார்கள். என்ன குறை சொன்னார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். பிறகு பாட்டியாலாவுக்குப் போய்ப் பயிற்சியாளர் படிப்பு படித்தார். முதல் வேலை ஒரு சர்க்கரை ஆலையில். இரண்டே வருஷத்தில் ஆலைக்காரர்கள் அணியைக் கலைத்துவிட்டார்கள். அதன் பிறகு விசாகப்பட்டினம், ராய்ப்பூர், சோனிபட், புவனேஸ்வர். பாங்காக்கில் எட்டு மாதம், நைரோபியில் ஒரு வருஷம். எல்லாமே வருஷ ஒப்பந்தம். அணி தோற்றால் பயிற்சியாளரை மாற்றுவார்கள். ஜெயித்தால் இன்னும் பெரிய பயிற்சியாளரைக் கொண்டுவருவார்கள். இரண்டிலும் பெட்டி கட்டுகிறவர் மாமாதான்.

கடைசியாக ஒரு லீக் அணியில் மூன்றாவது உதவிப் பயிற்சியாளராக இருந்தார். எதிரணி ஆடிய வீடியோக்களைப் பார்த்து, எந்த ஆள் எங்கே தடுமாறுகிறான் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. ஒரே வீடியோவை இருபது தடவை பார்ப்பாராம். அவர் சொன்ன இடத்தில் சொன்னபடி ஆள் விழுவான் என்று அந்த அணிப் பையன்கள் ஊருக்கு வந்தபோது கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்கள். அக்கா அவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். அவள் அவர் வேலை செய்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

அக்கா ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தை ஒண்டி ஆளாகப் பார்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமா போன் பண்ணுவார். "ஆத்துல தண்ணி வந்துடுச்சா? நாத்து விட்டாச்சா? உரம் கெடச்சுதா?" என்று வரிசையாகக் கேட்பார். அவர் கேட்கும் கேள்விகளுக்கு வேளாண்மைத் துறை அதிகாரிதான் பதில் சொல்ல வேண்டும். அக்கா ஆரம்பத்தில், "எப்ப வருவீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து வருஷம் போனபின் அதை விட்டுவிட்டு, "இப்ப எந்த ஊரு?" என்று கேட்க ஆரம்பித்தாள். எனக்கு அதைக் காதால் கேட்கவே பிடிக்காது.

அவர்களுக்கு ஒரே பெண், செம்மொழி. தமிழுக்குச் செம்மொழிப் பட்டம் கிடைத்த மறுவருஷம் பிறந்தவள். எங்கள் அப்பா வைத்த பேர். அவளுக்கு மாமா பாங்காக்கிலிருந்து ஒரு ஜோடி கபடி ஷூ வாங்கிவந்தார். அஞ்சாம் நம்பர். அப்போது அவள் காலுக்கு ஏழு. அவர் போனில் வைத்திருந்த படத்தில் அவள் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள், அந்தக் கணக்கில் வாங்கிவிட்டார். அவள், "சூப்பரா இருக்குப்பா" என்று வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டாள். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

அவளுக்குக் கபடி சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டால் களம்தான் என்று சொல்ல வேண்டும். ஆடுகிற பெரிய பெண்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கும்பகோணத்தில் கல்லூரி சேர்ந்ததும் அணியில் எடுத்துக்கொண்டார்கள். எதிர்ப்பாதிக்குள் பாடிப் போய் ஆளைத் தொட்டுவிட்டு வருவதில் அவளை அடித்துக்கொள்ள சுற்றுவட்டாரத்தில் யாரும் இல்லை. அவள் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் நான் டூட்டியை மாற்றிக்கொண்டு போய் போனில் பிடித்து மாமாவுக்கு அனுப்பினேன். மூன்று வருஷத்தில் நாற்பத்து மூன்று வீடியோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வரும். நாற்பது நிமிஷ வீடியோவுக்கு இரண்டு நிமிஷத்தில் கட்டைவிரல் வந்தால் அவர் எவ்வளவு பார்த்திருப்பார் என்று கண்டக்டருக்குக்கூடவா கணக்குத் தெரியாது? ஆனால், "அப்பா பார்த்தாங்களா மாமா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் பார்த்தார் என்றே சொல்லிவிடுவேன். அந்தப் பொய் என்னுடையது.

போன தை மாதம் ஒரு நல்ல காலம் வந்தது. தஞ்சாவூரை ஒட்டி இருக்கிற ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பெண்கள் கபடி அணிக்கு மாமாவை எடுத்தார்கள். மாசியில் மண்டலப் போட்டி. கோப்பை வந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் பங்குனியோடு சரி. ஜார்க்கண்டில் ஓர் அணி அவருக்காகக் காத்திருந்தது. விஷயம் தெரிந்த அன்றே அக்கா திருவிடைமருதூர் போய் ஒரு கட்டிலுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். ஐம்பது வயசுக்கு மேல் ஒரு மனுஷி புருஷனோடு ஒரே வீட்டில் இருக்க ஆசைப்பட்டாள். இதைவிடச் சின்ன ஆசை ஒன்றை யாராவது காட்டட்டும்.

இறுதிப் போட்டியில் மாமாவின் அணிக்கு எதிராக வந்து நின்றது செம்மொழியின் கல்லூரி.

அக்கா நாள் முழுக்க வேலை செய்துகொண்டே இருந்தாள். செம்மொழிதான் வந்து, "மாமா, அப்பாவுக்காக நான் விட்டுக்கொடுத்துடுவேன்னு நெனக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

"கொடுத்தா தப்பா?" என்றேன்.

"அவங்களுக்குத் தெரிஞ்சுடும் மாமா. அவங்க எத்தன பேர பார்த்திருக்காங்க. அப்புறம் என் மூஞ்சிய பார்ப்பாங்களா?"

போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது மாமா போன் பண்ணினார். நான் பஸ்ஸில் இருந்தேன்.

"மாப்ள, செம்மொழி நம்ம களத்துல பழகுறப்ப எந்தப் பாதியிலேருந்து பாடிப் போவா?"

"கோயில் பக்கத்துலேருந்துதான் மாமா. பொம்பளப்புள்ளைங்களுக்கு எப்பவும் அந்தப் பாதிதான. ஆம்பளைங்க வந்து எதிர்ப் பாதியில நின்னுக்குவானுங்க, மாத்தவே விடமாட்டானுங்க."

"அப்ப வாய்க்கா அவளுக்கு இடது கைப்பக்கம்."

"ஆமா மாமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. நீ டிக்கெட்டப் போடு."

எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். மகளுக்கு ஏதோ சொல்லிக்கொடுக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்று இரண்டு பேருக்குச் சில்லறையைக்கூடக் கூடுதலாகக் கொடுத்துவிட்டேன்.

போட்டி அன்று நானும் அக்காவும் தஞ்சாவூருக்கு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டோம். உள்ளரங்கு, கீழே ரப்பர் விரிப்பு. மாமா அணி ஓரத்தில் கைகட்டி நின்றார். மகள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அக்கா மட்டும் ஆட்டத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செம்மொழி அன்று ஆடியதுதான் ஆட்டம். பாதி நேரத்துக்குள் பன்னிரண்டு புள்ளி எடுத்துவிட்டாள். கடைசி ஆறு நிமிஷம் இருக்கும்போது அவர்கள் கல்லூரி ஐந்து புள்ளி முன்னால் இருந்தது. அப்போது மாமா டைம் அவுட் கேட்டார். செம்மொழிக்கு இடது பக்க மூலையில் நிற்கிற பெண்ணைக் கூப்பிட்டு, தரையில் விரலால் ஒரு கோடு இழுத்தார். ஓரத்திலிருந்து இரண்டடி தள்ளி. அங்கே விரலால் இரண்டு தடவை தட்டினார்.

ஆட்டம் தொடங்கியது. அந்தப் பெண் ஓரத்தை அப்படியே திறந்து விட்டுவிட்டு இரண்டடி உள்ளே வந்து நின்றாள். செம்மொழி பாடிப் போனாள். இடது ஓரம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. அவள் அங்கே போகவில்லை. எப்போதும்போல இரண்டடிக்கு முன்னாலேயே உள்பக்கம் திரும்பினாள். திரும்புகிற நேரத்தில் பின்கால் அந்தப் பெண்ணின் கைக்குள் இருந்தது. அடுத்த தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை பிடிபட்டபோது அவள் எழுந்திருக்காமல் விரிப்பில் உட்கார்ந்தபடியே அந்தக் காலி ஓரத்தைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் போனில் அவர் கேட்ட கேள்வி விளங்கியது. காட்டிக்கொடுத்தது நான்தான் என்பதும் விளங்கியது.

முப்பத்தொன்று, இருபத்தொன்பது. கோப்பை மாமாவுக்கு. பெண்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். பதினான்கு அணியில் அவர் கையாலேயே வாங்கிய முதல் கோப்பை அது. நான் விடுவிடுவென்று அவரிடம் போனேன்.

"இத அவகிட்ட நாலு நாளைக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே? ஒங்க பொண்ணுதான அது?"

"சொன்னா, இந்தப் புள்ளைங்களுக்கு நான் யாரு மாப்ள?" என்றார். பிறகு குரல் இறங்கி, "எனக்கு வீட்டுக்கு வரணும் மாப்ள. இருவத்தஞ்சு வருஷமா இது ஒண்ணுதான் நெனப்பு" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். கோபம் மட்டும் எனக்குப் போகவில்லை.

செம்மொழி முழங்காலில் சிராய்ப்போடு வந்தாள். அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் நேராக அவரிடம் போய், "எப்படிப்பா கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"இடது ஓரத்துல ரெண்டடிக்கு முன்னாடியே திரும்பிடுறம்மா. அங்க வாய்க்கா இருக்குன்னு ஒன் காலு நெனச்சுக்குது. எனக்கும் அதேதான், வலது ஓரத்துல. என்னைய ரெண்டு தடவையும் கழிச்சது இதுக்குத்தான்."

"நீங்கதான் என் ஆட்டத்த பார்த்ததே இல்லையே?"

"வீடியோல பார்த்தேன். ஒன் மாமா அனுப்புனது நாப்பத்து மூணும்."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. தோற்ற பெண்ணின் முகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். "எல்லாத்தையுமா? முழுசா? எப்பப்பா?"

மாமா ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மூன்று வருஷமாக நான் சொல்லிவந்த பொய்யையே அவரும் சொல்லியிருக்கலாம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "போன வாரம்" என்றார்.

அவள், "எதிராளியா வந்ததுக்கப்புறம்" என்று மட்டும் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள்.

அரங்கில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பின் மேல் ஏறினார். இடது ஓரக்கோட்டை ஒட்டிப் போய் நின்றுகொண்டு, "வாம்மா" என்று கூப்பிட்டார். அவள் நொண்டிக்கொண்டே போனாள். இரண்டடி இருக்கும்போது அவள் கால் தானாக நின்றுவிட்டது.

"இங்க தண்ணி இல்லம்மா. வா. இன்னும் வா."

அவள் காலைத் தேய்த்துத் தேய்த்து வைத்தாள். பெருவிரல் கோட்டில் பட்டது. "இப்ப திரும்பு" என்றார். திரும்பினாள். "மறுபடியும்" என்றார். விரிப்பைச் சுருட்ட வந்தவர்கள் சுருட்டாமல் நின்று பார்த்தார்கள். ரயில்வே அணி ஒன்றுக்கு ஆள் எடுக்க வந்திருந்த அம்மா ஒருவர் கைப்பையோடு வாசலுக்குப் போனவர், திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் நடந்தது. அப்பா மகளுக்குச் சொல்லிக்கொடுத்தது மொத்தமாகவே அந்த அரை மணிதான். பக்கத்தில் நின்ற அக்கா சொன்னாள்: "இவங்க வேல பார்த்து நான் இன்னிக்குத்தான்டா பார்க்குறேன்."

மாமாவுக்கு வேலை நிரந்தரமாயிற்று. வைகாசியில் பச்சைப் பெட்டியோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இப்போது தினமும் வீட்டிலிருந்தே தஞ்சாவூர் போய் வருகிறார். அதே வைகாசியில் செம்மொழிக்கும் கடிதம் வந்தது. செகந்திராபாத், ரயில்வே அணி, பயிற்சியோடு வேலை. அவர் வீட்டில் இருந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. அக்கா கடிதத்தைப் படித்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் எழுந்து போய்ப் பெட்டியைக் காலி செய்ய ஆரம்பித்தார். மகளுக்குக் கொடுக்கத்தான்.

ஆனி பிறந்து ஆற்றில் தண்ணீர் வந்த மறுநாள் அவளுக்கு ரயில். கும்பகோணத்தில் பகல் ரயில் இரண்டு நிமிஷம் நிற்கும். பெட்டியை நான் தூக்கப் போனேன், மாமா விடவில்லை. ஆனால் அவருக்கு வழியனுப்பத் தெரியவில்லை. இத்தனை வருஷமும் ரயிலுக்குள்ளேயே இருந்த மனுஷன். உள்ளே ஏறி பெட்டியை வைத்தவர், பழக்கதோஷத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேவிட்டார். "அப்பா, எறங்குங்க, வண்டி எடுக்கப்போறான்" என்று அவள் சிரித்துக்கொண்டே எழுப்பிவிட்டாள். இறங்கியவருக்கு எந்த ஜன்னலுக்கு நேராக நிற்பது என்று தெரியவில்லை. கையைப் பிடித்து நான்தான் நிறுத்தினேன்.

வண்டி நகர்ந்தபோது அவள் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு, "நானே வீடியோ அனுப்புறேம்பா. அன்னிக்கே பாருங்க" என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே கூட நடந்தார். நடைமேடை முடிகிற இடத்தில் சரிவுக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டார்.

வீட்டுக்குக் கிளம்பலாம் என்றால் அவர் நகரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டார். வண்டி திருவிடைமருதூர் தாண்டியிருக்கும், ஒரு வீடியோ வந்தது. ஜன்னல் வழியாக எடுத்தது. வீரசோழன் ஆறு, புதுத் தண்ணீர், பாலத்துச் சத்தம். முப்பத்தேழு விநாடி. அவள் முகம்கூட அதில் இல்லை. மாமா கண் இமைக்காமல் முடிகிறவரை பார்த்தார். முடிந்ததும் முதலிலிருந்து பார்த்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"மாப்ள, நான் கடைசி வரைக்கும் பார்த்தேன்னு அவளுக்குத் தெரியுமா? பார்த்தா ரெண்டு டிக் கோடும் நீலமாகுமாமே, ஆயிடுச்சா, கொஞ்சம் பாரு."